அறிக்கை எழுத வருபவரிடம் உண்மையைச் சொல்லலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம். என் தம்பிக்கு வயது 23. வயலில் இருந்த வோட்டர் பம்ப் ஒன்றை இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து களவெடுத்து விற்றுவிட்டான். நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டனை சொல்வதற்கு முன் அறிக்கை ஒன்று வேண்டும் என்று நீதவான் சொல்லியிருக்கிறார். இரண்டு வருசத்துக்கு முன்னர் கஞ்சா வைத்திருந்ததற்குத் தண்டம் கட்டியவன். இப்போது ஐஸ் போதைப்பொருளும் பாவிக்கிறான், அது வீட்டுக்குள் எங்களுக்கு மட்டும்தான் தெரியும். அவனுக்கு 11 வயதாக இருக்கும்போது அம்மா குவைத்துக்குப் போனவ, இடைக்கிடை வந்து போவா. அப்பா குடி. அவன் இருப்பது என் வீட்டில். அறிக்கை எழுத வந்த உத்தியோகத்தர் கூட்டாளிமார் யார், இரவில் எத்தனை மணிக்கு வருவான், வீட்டில் சண்டையா என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டுப் போனார். அடுத்த கிழமை திரும்ப வருவாராம். “நல்ல பிள்ளை என்று மட்டும் சொல்லு, கோயில் தலைவரிடம் நான் கடிதம் எடுத்துத் தாறன்” என்கிறார் மாமா. உண்மையைச் சொன்னால் ஆபத்தானவன் என்று எழுதி உள்ளே போட்டுவிடுவார்களா? தவணைக்கு முன்னமே எங்காவது புனர்வாழ்வு நிலையத்தில் சேர்த்துவிட்டால் நல்லதா?
— ஒரு அக்கா

பதில்: தங்கச்சி, மாமா சொல்கிறபடி செய்ய வேண்டாம். அந்த உத்தியோகத்தரிடம் பொய் சொல்லாதீர்கள். ஆனால் அவர் படி ஏறியதும் எல்லாவற்றையும் கொட்டிவிடவும் வேண்டாம். முதலில் உங்கள் சட்டத்தரணியைப் பாருங்கள். ஐஸ் விசயத்தை அவருக்குச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அவருக்கே இன்னும் சொல்லவில்லைப் போலத் தெரிகிறது. உளவளத்துணையாளரிடம் கதைப்பதும் இதுவும் ஒன்றல்ல. இங்கே நீங்கள் சொல்வது எழுத்தாகி நீதவானின் மேசைக்குப் போகும். அதனால் என்ன சொல்லப் போகிறீர்கள் என்பது சட்டத்தரணிக்கு முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, இந்த அறிக்கை எதற்கு? சின்ன, நடுத்தரக் குற்றங்களுக்கு ஆளை உள்ளே அனுப்பாமல் வெளியில் வைத்தே திருத்துவதற்கு நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் அதில் ஒன்று. அதன்படி நீதிமன்றம் கூலியில்லாத பொதுவேலை செய்யச் சொல்லலாம், போதைக்குச் சிகிச்சை எடுக்கச் சொல்லலாம், ஒழுங்காக உத்தியோகத்தர் முன் வந்து நிற்கச் சொல்லலாம். அதைவிடப் பழையது 1944ஆம் ஆண்டின் நன்னடத்தைக் கட்டளைச் சட்டம். தண்டனைக்கு முன் அறிக்கை கேட்கிறார் என்றாலே, சிறையைத் தவிர வேறு வழியும் நீதவானின் யோசனையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எதுவும் யோசிக்காதவர் அன்றைக்கே தீர்ப்பைச் சொல்லி முடித்திருப்பார். இது என் அனுபவத்தில் சொல்வது, உத்தரவாதம் அல்ல.

அந்த உத்தியோகத்தர் துருவிக் கேட்டதில் உங்களுக்குக் கோபம் இருப்பது எழுத்திலேயே தெரிகிறது. அவருடைய வேலை என்னவென்று தெரிந்தால் கோபம் கொஞ்சம் தணியும். அவர் இரண்டு விசயத்துக்கு விடை தேடுகிறார். இவன் திரும்பவும் குற்றம் செய்யக்கூடிய வாய்ப்பு எவ்வளவு? எதை மாற்றினால் அந்த வாய்ப்புக் குறையும்? முதலாவது அபாயம், இரண்டாவது தேவை. இரண்டையும் இப்படிப் பிரித்துப் பார்க்கும் முறையை 1990இல் ஒழுங்காக எழுதி வைத்தவர்கள் கனடாவின் உளவியலாளர்களான டொன் ஆன்ட்ரூஸ், ஜேம்ஸ் பொன்டா ஆகியோரும் அவர்களுடன் வேலை செய்தவர்களும். அவர்கள் சொன்னது சுருக்கமாக இது: அபாயம் கூடியவருக்குக் கூடுதலான உதவியும் கண்காணிப்பும் கொடு, குறைந்தவரை அதிகம் தொந்தரவு செய்யாதே. குற்றத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள குறைகளில் கைவை. அந்த ஆளுக்கு விளங்கும் விதத்தில் வேலை செய். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பையனிடம் தடித்த புத்தகத்தைக் கொடுத்து ‘உன் சிந்தனையை மாற்று’ என்றால் மாறுவானா? கடைசிச் சொன்னது அதற்காகத்தான். இடத்துக்கு இடம் படிவம் மாறும். கனடாவில் 1995இல் வந்த படிவத்தில் 54 கேள்விகள். ஆனால் கேட்கிற விசயங்கள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: முன்பு செய்த குற்றங்கள், அவசரப்புத்தி, சட்டத்தைப் பற்றிய எண்ணம், கூட்டாளிகள், குடும்பம், படிப்பும் வேலையும், பொழுது போகும் விதம், போதை.

இதில் நம் ஆட்கள் குறைத்து மதிப்பிடுகிறது கூட்டாளிகளையும் பொழுதையும்தான். பையன் நல்லவன், சேர்க்கைதான் கூடாது என்று ஒரு வசனத்தோடு முடித்துவிடுவார்கள். அனுபவமுள்ள உத்தியோகத்தர் அந்த வசனத்தை எழுத மாட்டார். அவர் கேட்கிற விதமே வேறு. “நேற்றுப் பின்னேரம் நாலு மணியிலிருந்து படுக்கும் வரைக்கும் என்ன செய்தீர் தம்பி?” என்று கேட்பார். சும்மா இருந்தேன் என்பான். எங்கே சும்மா இருந்தீர்? மதகடியில். யாரோடு? இன்னாரோடு. அவர் என்ன தொழில்? ஒன்றும் இல்லை. உமக்கு டெலிபோன் ரீலோட் யார் போட்டது? அவர்தான். இந்த இடத்தில் உத்தியோகத்தர் பேனையைக் கொஞ்சம் அழுத்தி எழுதுவார். வருமானமே இல்லாத ஒருவர் இன்னொருவருக்கு ரீலோட் போடுகிறார் என்றால் அங்கே ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. அடுத்து, முந்தநாள் என்ன செய்தீர், ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர் என்று போகும். நாலைந்து பின்னேரத்தைக் கேட்டாலே ஒருவனுடைய வாழ்க்கை தெரிந்துவிடும். அறுவடைக் காலத்தில் மெஷினோடு போகிறவன், அது முடிந்து அடுத்த விதைப்பு வரை என்ன செய்கிறான்? படுவான்கரையில் பல பையன்கள் கெட்டுப்போவது அந்த இடைவெளியில்தான். இது என் அபிப்பிராயம், ஆய்வு எதுவும் இல்லை. பம்ப் களவு போனது எந்த மாதம் என்று பாருங்கள், நான் சொல்வது உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிறதா என்று தெரியும்.

இப்போது கோயில் தலைவரின் கடிதம். வாங்கினால் வாங்குங்கள், கெடுதல் இல்லை. ‘இவரை எனக்குச் சிறுவயது முதல் தெரியும், நற்குணமுடையவர்’ என்ற கடிதத்தை நீதவான்மார் நிறையப் பார்த்துவிட்டார்கள். அதே தலைவர், ‘கோயில் கட்டட வேலையில் மேசனுக்குக் கையாளாகக் கிழமைக்கு நாலு நாள் இவரை எடுக்கிறேன், வராவிட்டால் அறிவிக்கிறேன்’ என்று எழுதித் தந்தால் அது வேறு கடிதம். அதற்குப் பெறுமதி இருக்கிறது. வறுமை, தாய் வெளிநாடு, தகப்பன் குடி என்று இரக்கம் வருகிறபடி சொல்வதும் அப்படித்தான். அவை உண்மை, கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் மனக்கவலை, தாழ்வுமனப்பான்மை, ஏழ்மை போன்றவற்றைவிடக் கூட்டாளிகள், சும்மா கழிகிற நேரம், போதை ஆகியவற்றுக்குத்தான் அடுத்த குற்றத்தோடு நெருங்கிய தொடர்பு என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதனால் நாங்கள் பாவம் என்பதோடு நிறுத்தாதீர்கள்.

உங்கள் தம்பியின் கதையை அந்த உத்தியோகத்தர் எப்படி வாசிப்பார் என்று சொல்கிறேன். மாற்ற முடியாதவை: இளம் வயது, முன்பு ஒரு கஞ்சா வழக்கு, இப்போது களவு. இவை பலகையில் எழுதியாயிற்று, அழிக்க முடியாது, நீங்கள் மறைத்தாலும் பொலிஸ் பதிவில் இருக்கிறது. மாற்றக்கூடியவை: ஐஸ், அந்த இரண்டு கூட்டாளிகள், வேலையில்லாத மாதங்கள். அவனுக்குச் சாதகமானவை: குற்றத்தை ஒப்புக்கொண்டான், யாரையும் அடிக்கவில்லை, இருக்க ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் அவனுக்காகக் கடிதம் எழுதுகிற ஒரு அக்கா இருக்கிறா. ஐஸை மறைத்தால் என்ன ஆகும்? அறிக்கையில் களவுக்குக் காரணம் இல்லாமல் போகும். காரணமில்லாமல் களவெடுக்கிறவன் என்று தெரிபவன், போதைக்காகக் களவெடுத்தவனைவிட நல்லவனாகத் தெரிய மாட்டான். போதைக்குச் சிகிச்சை இருக்கிறது. காரணம் தெரியாத களவுக்கு நீதவான் எதைக் கட்டளையிடுவார்? போதாததற்கு, பொதுவேலைக் கட்டளை கிடைத்து, அதில் சிகிச்சை சேர்க்கப்படாமல் போனால், இரண்டாம் மாதமே அவன் வேலைக்குப் போகாமல் விடுவான். அப்போது கட்டளையை மீறினவன் என்று வேறு பெயர் வரும்.

இன்னொன்று கேட்க வேண்டும். அந்த வீடு உங்களுக்குச் சீதனமாக எழுதின வீடு என்று நினைக்கிறேன், நம் பக்கத்து வழக்கப்படி. அப்படியென்றால் உங்கள் வீட்டுக்காரருடைய சொல் முக்கியம். அவர் தம்பியை வைத்திருக்கச் சம்மதமா, அல்லது இந்த வழக்கோடு வெளியே போகட்டும் என்கிறாரா? உத்தியோகத்தர் இதைக் கட்டாயம் கேட்பார். நீங்கள் ஒன்று சொல்லி அவர் ஒன்று சொன்னால் அந்த முரண்பாடுதான் அறிக்கையில் ஏறும். இரண்டு பேரும் முதலில் கதைத்து ஒரு முடிவுக்கு வாருங்கள். அவர் விருப்பமில்லாமல் தலையாட்டினால் அது மூன்று மாதம்கூடத் தாங்காது. அப்படியானால் மாமா வீட்டைப் பற்றி யோசியுங்கள். கடிதம் எடுத்துத் தருகிறேன் என்கிறவர் இடமும் தரட்டும்.

புனர்வாழ்வு நிலையத்தைப் பற்றி. அவசரப்பட வேண்டாம். தவணைக்கு முன் எங்காவது கொண்டுபோய் அடைத்துவிட்டால் நீதவான் சந்தோசப்படுவார் என்று ஊரில் ஒரு எண்ணம் இருக்கிறது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் தங்கியிருந்து திருந்தும் விடுதிகளைப் பற்றி 2002இல் வெளியான ஆய்வில், அபாயம் கூடியவர்களுக்கு அந்த விடுதிகள் நன்மை செய்ததும், அபாயம் குறைந்தவர்களைப் பல இடங்களில் முன்பிருந்ததைவிட மோசமாக்கியதும் தெரிந்தது. ஏன் என்று யோசித்தால் கஷ்டமில்லை. குறைந்தவனிடம் இருந்த வேலை போய்விடுகிறது, குடும்பத்தோடு இருந்த தொடர்பு அறுகிறது, உள்ளே கிடைப்பது தன்னைவிடப் பழகின ஆட்களின் சேர்க்கை. உங்கள் தம்பியை நான் குறைந்தவன் என்று சொல்ல மாட்டேன், நடுவில் இருப்பவன் போலத் தெரிகிறது. நடுவில் இருப்பவனை எங்கே விடுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் 2022 ஜூனில் மோதல் நடந்து நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எல்லா இடமும் அப்படி என்று சொல்லவில்லை. சேர்க்க முன்னர் கேளுங்கள்: வைத்தியர் வருகிறாரா, எவ்வளவு காலம், வீட்டார் பார்க்கலாமா, வெளியே வந்த பிறகு யார் தொடர்வது? அடிப்பார்களா என்றும் வெட்கப்படாமல் கேளுங்கள். பதிலுக்கு அவர்கள் சிரித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஐஸுக்கு, ஹெரோயினுக்கு இருப்பதுபோல மாற்றாகக் கொடுக்கும் மருந்து இல்லை. ஒழுங்காகத் தொடரும் உளவளத்துணை, குடும்பத்தின் ஒத்துழைப்பு, பழைய இடங்களைத் தவிர்ப்பது ஆகியவற்றால்தான் அதை விட வைக்க முடியும். ஆகவே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு இந்தக் கிழமையே கூட்டிப்போங்கள். கிளினிக் கொப்பி ஒன்று கிடைக்கும், அடுத்த திகதி போட்டுத் தருவார்கள். அந்தக் கொப்பியைச் சட்டத்தரணியிடம் காட்டி, உத்தியோகத்தரிடம் எப்படிக் கொடுப்பது என்று கேளுங்கள். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கும் எடுத்துக் கேட்கலாம். ஐஸை விட்ட முதல் நாட்களில் தூங்கிக்கொண்டே இருப்பான், எரிந்து விழுவான், ஒன்றிலும் ஆசை இருக்காது. சோம்பல் என்று ஏசாதீர்கள். வாழ்ந்து என்ன என்கிற மாதிரிக் கதைத்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

அபாயம் கூடியவன் என்று எழுதினால் சிறை நிச்சயமா? இல்லை. எழுதப்படுவதன் சரியான பயன், எவ்வளவு உதவியும் கண்காணிப்பும் தேவை என்று காட்டுவது. தண்டனையின் அளவை முதலில் தீர்மானிக்க வேண்டியது செய்த குற்றம்தான். இனிமேல் செய்யக்கூடும் என்பதற்காக ஒருவனைக் கூடுதலாகத் தண்டிப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து, எல்லா நாட்டிலும் எல்லாரும் இதை ஏற்பதில்லை. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் கணினி போட்ட அபாயப் புள்ளியைத் தண்டனையில் பயன்படுத்தியது வழக்காகி, 2016இல் அந்த மாநில உயர் நீதிமன்றம், பயன்படுத்தலாம், ஆனால் புள்ளி மட்டும் தண்டனையைத் தீர்மானிக்கக் கூடாது, அதன் குறைகளைப் பற்றிய எச்சரிக்கை அறிக்கையிலேயே இருக்க வேண்டும் என்றது. குறை என்னவென்றால், எந்தப் புள்ளியும் ஒரு கூட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறது. இவனைப் போன்ற நூறு பேரில் இத்தனை பேர் திரும்பச் செய்தார்கள் என்று அது சொல்லும். அந்த நூறில் இவன் எந்தப் பக்கம் என்று சொல்லாது. பிறகு, எந்த ஊரில் பொலிஸ் அடிக்கடி சுற்றுகிறதோ அந்த ஊர்ப் பையன்களுக்குப் பதிவும் கூடும், பதிவு கூடினால் புள்ளியும் கூடும். நம் மாவட்டத்தில் இதை விளக்கத் தேவையில்லை. ஆகவே அறிக்கையில் நியாயமில்லாத வசனம் ஏதும் இருந்தால் உங்கள் சட்டத்தரணி அதை நீதிமன்றில் சொல்லலாம், சொல்ல வேண்டும். அறிக்கையைத் தவணைக்கு முன் பார்க்க முடியுமா என்று அவரிடம் கேட்டு வையுங்கள்.

நீதவான் ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுக்கலாம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, இரண்டு ஆண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனையை, 5 ஆண்டுக்குக் குறையாத காலத்துக்கு ஒத்திவைக்க இடம் தருகிறது. எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது: குற்றத்தின் பாரம், முந்தைய நடத்தை, பாதிக்கப்பட்டவருக்கு வந்த நட்டம், குற்றத்தை ஒப்புக்கொண்டு உண்மையாக வருந்துகிறானா என்பது உட்பட. நீதிமன்ற வாசலில் ஒத்திவைப்பு என்று கேட்டதும் குடும்பமே தப்பிவிட்டோம் என்று வெடி கொளுத்தாத குறையாக வீட்டுக்கு வரும். உங்கள் தம்பிக்கு அது கிடைத்தால், குறைந்தது அவனுக்கு 28 வயதாகும் வரைக்கும் அந்தத் தண்டனை தலைக்கு மேல் தொங்கும். இடையில் இன்னொரு குற்றத்தில் மாட்டினால் பழையதும் சேர்ந்து வரும். ஐஸ் பாவிக்கிறவனுக்கு சிகிச்சை இல்லாமல் 5 ஆண்டு ஒத்திவைப்புக் கிடைப்பதைவிட, சிகிச்சையோடு சேர்ந்த சீர்திருத்தக் கட்டளை கிடைப்பது நல்லது என்று நான் நினைக்கிறேன். இதையும் சட்டத்தரணியோடு கதையுங்கள்.

அடுத்த கிழமை உத்தியோகத்தர் வரும்போது தம்பி வீட்டில் இருக்க வேண்டும், அவன்தான் கதைக்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து அவனுக்குப் பதிலாகப் பதில் சொல்லாதீர்கள், அக்காமாருக்கு அது கஷ்டம்தான். வழக்குப் போடாத வேறு களவு எதையாவது பற்றிக் கேட்டால், சட்டத்தரணியோடு கதைத்துவிட்டுச் சொல்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லலாம், அது பொய் இல்லை. தேத்தண்ணி கொடுக்கலாம். அதற்கு மேல் கையில் எதுவும் கொடுக்க வேண்டாம், மாமாவிடமும் இதைச் சொல்லி வையுங்கள். அந்த இரண்டு கூட்டாளிகளின் நம்பரும் இருக்கிற சிம்மை அவர் வருவதற்கு முன்னாலேயே மாற்றச் சொல்லுங்கள். அவர் வந்த பிறகு மாற்றினால் அது அவருக்காகச் செய்ததாகவே தெரியும்.

பம்ப் சொந்தக்காரரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவரும் உங்களைப் போல வயலை நம்பி இருக்கிறவராகத்தான் இருப்பார், அந்தப் போகத்துக்குத் தண்ணீர் இல்லாமல் என்ன செய்தாரோ. பொருள் திரும்பக் கிடைத்ததா? கிடைக்கவில்லை என்றால், முழுப்பணமும் சேரும் வரைக்கும் பார்த்திருக்க வேண்டாம். தம்பியின் உழைப்பில் முடிந்ததைச் சட்டத்தரணி மூலமாகத் தவணைக்கு முன்னரே கொடுக்கத் தொடங்குங்கள், ஒவ்வொரு முறையும் கையெழுத்து வாங்குங்கள். அம்மா குவைத்திலிருந்து அனுப்புகிற காசில் கொடுக்க வேண்டாம்.